கெட்டுப்போன மண்: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டு சரிசெய்யும் வழிமுறை

பயிர் மஞ்சளடித்தால் கை முதலில் உர மூட்டைக்குத்தான் போகிறது. ஆனால் அந்த மஞ்சள் தழைச்சத்துக் குறைவாலும் வரும், நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் வரும், அடிமண் இறுகி வேர் பாதியில் நின்றாலும் வரும், மண்ணின் அமில-கார அளவான பி.எச். ஏறி இரும்புச்சத்து கரையாமல் கிடந்தாலும் வரும். நான்குக்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் ஒரு பருவம் வீணாவதோடு, சில சமயம் மண் முன்பைவிடவும் கெடும்.

மண் எப்படி உண்டாகிறது என்பதை ஒரு நிமிடம் நினைவில் கொண்டால் காரணம் தேடுவது எளிது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகப் பாறைக்குள் இறங்குகிறது. தாதுக்களைக் கரைக்கிறது, கரைந்ததைக் கீழே கொண்டுபோகிறது, நுண்ணிய களித்துகளை அடிமண்ணில் சேர்க்கிறது. மேலடுக்கில் வேரும் புழுவும் நுண்ணுயிரும் மட்கைச் சேர்த்து, துகள்களை ஒட்டிக் குருணையாக்குகின்றன. தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம் என்று ஐந்து காரணிகளை மண்ணியலாளர் ஹான்ஸ் யென்னி 1941-இல் வகுத்துக் காட்டினார். இவற்றில் நம் கைக்கு முழுதாக எட்டுவது உயிர்கள்தான். ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் திருத்தலாம். காலத்தை ஒன்றும் செய்ய முடியாது: 1 செ.மீ. மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், பல இடங்களில் பல நூறு ஆண்டுகள்.

இந்த உருவாக்கம் முழுவதும் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குவதால் நடக்கிறது. கெட்ட மண்ணில் அந்த இறக்கம் பெரும்பாலும் எங்கோ தடைப்பட்டிருக்கும். நீர் மேலேயே வழிந்தோடும், நடுவில் நிற்கும், அல்லது உப்பைச் சுமந்துகொண்டு கீழிருந்து மேலே ஏறும். ஆகவே சரிசெய்யும் வரிசை இது: முதலில் தண்ணீரின் வழி, அடுத்து உப்பும் அமிலமும், அதன்பின் மட்கு, கடைசியில் உரம். வரிசையைப் புரட்டினால் முன்னால் செய்தது பின்னால் அழியும்.

எதையும் போடுவதற்கு முன்: இரண்டு குழிகள், மூன்று சோதனைகள்

பயிர் நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, மோசமான இடத்தில் ஒன்று என்று 60 செ.மீ. ஆழத்துக்கு இரண்டு குழிகள் வெட்டுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத குழி பாதிதான் பேசும். மண்வெட்டி வழவழப்பாக்கிய சுவரைக் கத்தியால் கொத்திவிட்டுப் பாருங்கள். வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது, நிறம் எங்கே மாறுகிறது, கட்டி குருணையாக உதிர்கிறதா, தட்டுத் தட்டாகப் பிரிகிறதா, நாற்றம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை, நீர் இறங்கும் வேகம். 15 செ.மீ. விட்டமுள்ள தகரக் குழாயை 7 செ.மீ. ஆழம் தட்டி இறக்கி, 450 மி.லி. நீர் ஊற்றுங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். அது இறங்கியதும் இன்னொரு 450 மி.லி. ஊற்றி, இரண்டாவதன் நேரத்தைக் கணக்கிடுங்கள். முதல் ஊற்றலில் காய்ந்த துளைகள் நிரம்பும், ஆகவே அந்த நேரம் ஏமாற்றும். நிலையான வேகம் மணலில் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல், மணல், வண்டல், களி மூன்றும் கலந்த இருபொறை மண்ணில் 10 முதல் 20, களிமண்ணில் 1 முதல் 5 வரை இருப்பது வழக்கம். உங்கள் மண்ணின் வகைக்குரிய எல்லைக்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

இரண்டாவது, குருணைச் சோதனை. பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டியை வாலைவடிநீர் உள்ள கண்ணாடிக் கோப்பையில் மெல்ல இறக்கி, அசைக்காமல் விடுங்கள். சில மணி நேரம் கழித்தும் உருக்குலையாமல் இருந்தால் நல்லது. உடைந்து சிதறியும் நீர் தெளிவாக இருந்தால் மட்குக் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் சோடியம் மிகுந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். குழாய்நீரையோ கிணற்றுநீரையோ பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும்.

மூன்றாவது, புட்டிச் சோதனை. நேரான சுவருள்ள புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே நீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். நன்கு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். மூன்று அடுக்குகளின் உயரமும் மண்ணின் வகையைச் சொல்லும்.

அறிகுறி: மழைக்குப் பின் மேலே ஓடு கட்டுகிறது, முளை வெளிவரவில்லை

பெரிய மழைத்துளி நொடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மூடாத மண்ணில் அது குருணையை உடைத்து, நுண்துகளால் துளைகளை அடைக்கிறது. சில மி.மீ. தடிப்பே உள்ள அந்த ஓடு, காய்ந்ததும் முளையை நிறுத்திவிடும்.

விதை உள்ளே இருக்கும்போது செய்ய வேண்டியது, ஓடு முழுதாகக் காயும் முன் முள்வாரியால் 1 முதல் 2 செ.மீ. வரை மட்டும் கீறிவிடுவது. அல்லது லேசாகத் தெளித்து இரண்டு மூன்று நாள் ஈரமாகவே வைத்திருப்பது. அதற்கு மேல் ஆழமாகக் கீறினால் முளை அறுபடும். அடுத்த விதைப்புக்கு முன் குருணைச் சோதனையைப் பாருங்கள். நீர் தெளிவாக இருந்தால் மூடாக்கும் மட்கும் போதும். சதுர மீட்டருக்கு 500 கிராம் காய்ந்த தாள், அதாவது ஹெக்டேருக்கு 5 டன், தரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடும். நீர் கலங்கினால் கீழே வரும் களர் (சோடியம் மிகுந்த மண்) பகுதிக்குப் போங்கள்.

சுழற்கலப்பையால் மாவு போல அரைத்த நிலம்தான் மிகச் சீக்கிரம் ஓடு கட்டும். விதைக்கு வேண்டியது விதை தொடும் இடத்தில் மட்டும் பொடிமண். மற்ற இடத்தில் சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் கிடந்தால் துளியின் அடியை அவை வாங்கிக்கொள்ளும்.

அறிகுறி: மேலே ஈரம், கீழே வறட்சி, வேர் முழங்கை போல மடங்கியிருக்கிறது

ஒரே ஆழத்தில் வருடக்கணக்காக உழுதாலும், ஈரத்தில் கனரக வண்டி ஓட்டினாலும் 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு தட்டு உண்டாகும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, 10 மி.மீ. இரும்புக் கம்பியை ஒரே சீராக அழுத்துங்கள். மேலே எளிதாகப் போய், ஓர் ஆழத்தில் நின்று, அழுத்தினால் மறுபடி சட்டென்று இறங்கினால் அது தட்டு. பத்து இடங்களிலாவது பாருங்கள். காய்ந்த மண்ணில் எல்லாமே இறுக்கமாகத் தெரியும், அப்போது செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. மண்ணின் இறுக்கத்தை அளக்கும் ஊடுருவுமானி இருந்தால், 2 மெகாபாஸ்கலுக்கு மேல் போகும் இடத்தில் பெரும்பாலான பயிர்களின் வேர் தடுமாறும்.

உளிக்கலப்பை போடுவதற்கு முன் தட்டு இருக்கும் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுங்கள். 3 மி.மீ. தடிப்புள்ள திரியாக உருண்டால் ஈரம் அதிகம், காத்திருங்கள். உருளாமல் உடைந்தால்தான் பதம். ஈரத்தில் ஓட்டினால் உளி தட்டை நொறுக்காது, வெண்ணெயில் கத்தி போலக் கீறி, கீறலின் சுவரை வழித்து அடைத்துவிடும். செலவெல்லாம் செய்து கடைசியில் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் தவறியது இந்த இடத்தில்தான்.

உளியின் நுனி தட்டின் அடிமட்டத்துக்கு 5 செ.மீ. கீழே போனால் போதும். உளிகளுக்கு இடையே, ஓடும் ஆழத்தின் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். 30 செ.மீ. ஆழம் என்றால் 30 முதல் 45 செ.மீ. அளவுக்கு மிஞ்சிய ஆழத்தில் மெல்லிய உளி மண்ணை மேலே தூக்காமல் பக்கவாட்டில் அமுக்கும். இரண்டு உளிகளுக்கு நடுவில் ஒரு குறுக்குக் குழி வெட்டி, விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தனவா என்று பார்த்துவிட்டு மீதி நிலத்தில் ஓட்டுங்கள்.

பிளந்தவுடன் வேர் அந்த வெடிப்புக்குள் போக வேண்டும். ஆழ வேர்விடும் பயிரை அந்த ஈரத்திலேயே விதையுங்கள். வெறும் நிலமாக விட்டு, மறுபடி எல்லா இடத்திலும் சக்கரம் ஏறினால், ஓரிரு பருவத்தில் தட்டு திரும்பிவிடும். சக்கரம் போகும் தடத்தை நிலையாக ஒதுக்கி வைப்பதுதான் நீடித்த மருந்து. தோட்டப் பாத்தி என்றால் கடப்பாரையாலோ முள்மண்வெட்டியாலோ நெம்பித் தூக்கி விடுங்கள், அடிமண்ணை மேலே புரட்ட வேண்டாம்.

அறிகுறி: வெள்ளைப் படிவு, அல்லது கறுத்து வழுவழுக்கும் திட்டு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நிலங்கள் அதிகம் பாழாகின்றன, ஆகவே இங்கே நிதானமாகப் போக வேண்டும்.

உவர் மண்ணில் கரையும் உப்பு மிகுதி. மேலே வெள்ளையாகப் பூக்கும், மண் பொலபொலவென்று இருக்கும், தேங்கிய நீர் தெளிந்து நிற்கும். ஈரம் இருந்தும் செடி வாடும், இலை நுனி கருகும். களர் மண்ணில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு துகள்களைப் பிரித்துவிடுகிறது. நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் செங்கல். தேங்கிய நீர் நாட்கணக்கில் கலங்கியே நிற்கும். கரைந்த மட்கு மேலே ஏறிக் கறுத்த பூச்சாகப் படியும்.

ஆய்வு முடிவில் மூன்று எண்களைப் பாருங்கள். நிறைசேற்றுச் சாற்றின் (மண்ணை நீரில் முழுதும் ஊறக் குழைத்து வடித்த நீரின்) மின்கடத்துதிறன், அதாவது உப்பின் அளவுகோல், மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல், பி.எச். 8.5-க்குக் கீழ், மாறும் சோடியம் (மண் பிடித்துவைத்துள்ள நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் உவர். மின்கடத்துதிறன் 4-க்குக் கீழ், பி.எச். 8.5-க்கு மேல், சோடியம் 15-க்கு மேல் என்றால் களர். உப்பும் சோடியமும் இரண்டும் மிகுந்தால் களர்-உவர். ஒரு எச்சரிக்கை: ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த மின்கடத்துதிறன், நிறைசேற்று அளவைவிடப் பல மடங்கு குறைவாக வரும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்காமல் 4 என்ற எல்லையோடு ஒப்பிடக்கூடாது.

உவரைக் கழுவித்தான் போக்க வேண்டும். ஆனால் கழுவிய நீர் போக இடம் வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் 1.5 முதல் 2 மீட்டருக்கு மேலே இருந்தால், நுண்துளை வழியே உப்பு மறுபடி ஏறும். அந்த நிலையில் முதல் வேலை வடிகால். வடிகால் சரியானதும் நிலத்தைச் சமன் செய்து, வரப்புக் கட்டி, நல்ல நீரைத் தேக்குங்கள். 30 செ.மீ. நீர் முழுவதும் உள்ளே இறங்கினால் மேல் 30 செ.மீ. மண்ணின் உப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு போகும். ஒரே மூச்சில் தேக்குவதைவிட விட்டுவிட்டுத் தேக்கினால் குறைந்த நீரில் அதே பலன் கிடைக்கும். கழுவி முடிந்ததும் வெயிலில் வெறுமையாக விடாதீர்கள், மூடாக்குப் போடுங்கள். ஆவியாதல் குறைந்தால்தான் உப்பு ஏறாது.

களரை அப்படிக் கழுவினால் கேடு. உப்பு போகப் போகக் களி இன்னும் பிரிந்து துளைகளை அடைக்கும். முதலில் சோடியத்தின் இடத்தில் கால்சியத்தை உட்கார வைக்க வேண்டும், அதற்கு ஜிப்சம். அளவை இப்படிக் கணக்கிடலாம். 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேர் மண் சுமார் 2,000 டன். கிலோவுக்கு 1 சென்டிமோல் சோடியத்தை மாற்ற, ஹெக்டேருக்கு 1.72 டன் தூய ஜிப்சம் தேவை. நேர்மின் அயனி மாற்றுத்திறன் (மண் பிடித்துவைக்கக்கூடிய நேர்மின் அயனிகளின் அளவு) கிலோவுக்கு 20 சென்டிமோல், சோடியம் 25 விழுக்காடு, அதை 10-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால், மாற்ற வேண்டியது 20-இல் 15 விழுக்காடு, அதாவது 3. மூன்றை 1.72-ஆல் பெருக்கினால் 5.2 டன். ஜிப்சத்தின் தூய்மை 80 விழுக்காடு என்றால் 6.5 டன். ஜிப்சம் முழுதும் சோடியத்தை மாற்றிவிடாது என்பதால் கால் பங்கு கூட்டிக்கொண்டு 8 டன் வைத்துக்கொள்ளுங்கள்.

2 மி.மீ. சல்லடையில் இறங்கும் தூளாக இருக்கட்டும். மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலந்து நீரைத் தேக்குங்கள், ஆழமாக உழுது கலந்தால் வீரியம் பரவிப் போய்விடும். ஜிப்சம் லிட்டருக்கு 2.5 கிராம் போலத்தான் கரையும். ஆக 5.2 டன் கரையவே 200 மி.மீ.க்கு மேல் நீர் இறங்க வேண்டும். ஜிப்சத்தைத் தூவிவிட்டு ஒரு மழையை நம்பி விதைப்பவர்களுக்குப் பலன் தெரியாததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. களர்-உவரிலும் இதே வரிசைதான், ஜிப்சம் முதலில், கழுவல் பிறகு.

சுண்ணாம்புக் கல் தூளும் கால்சியம்தானே என்று போடுவது வீண். பி.எச். 8-க்கு மேல் அது அநேகமாகக் கரையாது. மாறாக, மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது என்றால் (காடித் துளி பட்டதும் நுரைக்கும்) கந்தகம் உதவும். 1 டன் கந்தகம் சுமார் 5.4 டன் ஜிப்சத்துக்குச் சமம், ஆனால் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க ஈரமும் வெப்பமும் சில மாதங்களும் வேண்டும். கழுவல் முடிந்ததும் ஹெக்டேருக்கு 50 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் வேர்கள் திறந்த வழி நிலைக்கும்.

பாசன நீரையும் சோதியுங்கள். நீரே சோடியம் கார்பனேட் சுமந்து வந்தால் எத்தனை முறை திருத்தினாலும் களர் திரும்பும். எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லிச்சமானத்துக்கு மேல் என்றால் அந்த நீர் ஆகாது. அதில் ஒவ்வொரு மில்லிச்சமானத்தை முறிக்கவும், 1,000 கன மீட்டர் நீருக்கு 86 கிலோ ஜிப்சம் வேண்டும். வாய்க்காலில் ஜிப்சப் படுக்கை அமைத்து நீரை அதன் வழியே விடலாம்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம், சாம்பல்நீல மண், துருப்புள்ளிகள்

நீர் தேங்கிய மண்ணில் ஓரிரு நாளில் உயிர்வளி தீர்ந்துவிடும். இரும்பு ஒடுக்கமடைந்து மண் சாம்பல் நிறமாகும், நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் துருப்புள்ளி விழும். புள்ளி எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதுவரை நீர் வந்து நிற்கிறது என்று வாசித்துக்கொள்ளலாம். நீர் மேலிருந்து வந்து தட்டின்மேல் நிற்கிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்று குழியில் பாருங்கள். ஒரு நாள் விட்டால் நீர் குழியின் அடியிலிருந்து ஊறுகிறதா, பக்கச் சுவரில் கசிகிறதா என்று தெரிந்துவிடும். அடியிலிருந்து ஊறினால் ஆழ வடிகால், பக்கத்தில் கசிந்தால் தட்டை உடைப்பதும் மேட்டுப்பாத்தியும்.

களிமண்ணில் கொஞ்சம் மணல் கொட்டுவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரும் தவறு. மணல் பாதிக்கு மேல் சேராத வரை களி மணலின் இடைவெளிகளை நிரப்பி இன்னும் இறுகும். பாத்திக்கு அடியில் சரளை பரப்புவதும் அப்படியே: மேல்மண் முழுதும் ஊறி நிரம்பிய பிறகே நீர் சரளைக்குள் சொட்டும்.

அறிகுறி: வேர் வெளியே தெரிகிறது, கல் மேலே வருகிறது, மழைநீர் செந்நிறமாக ஓடுகிறது

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் போனால் சுமார் 13 டன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அது மட்கு மிகுந்த மேல் மி.மீ. சிறு கல்லுக்கு அடியில் மட்டும் மண்தூண் நிற்பது பரப்பு அரிப்பின் முதல் சாட்சி.

வேலையைச் சரிவின் உச்சியில் தொடங்குங்கள். கீழே கட்டிய தடுப்பை மேலிருந்து வரும் வெள்ளம் உடைத்துவிடும். சமமட்டக் கோடு போட ‘ஏ’ வடிவச் சட்டம் போதும்: 2 மீட்டர் நீளக் கழிகள் இரண்டு, குறுக்குக் கழி ஒன்று, உச்சியிலிருந்து தொங்கும் கல். கால்களை இடம் மாற்றி வைத்து, இரண்டு முறையும் குறுக்குக் கழியில் நூல் விழும் இடங்களுக்கு நடுவே குறி போடுங்கள். நூல் அந்தக் குறியில் நின்றால் இரண்டு கால்களும் சமமட்டத்தில் இருக்கின்றன. அந்தக் கோட்டில் வெட்டிவேர்ச் செடியை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நடுங்கள், அடுத்த வரிசை 1 முதல் 2 மீட்டர் செங்குத்து இறக்கத்தில். ஒரு செடி பட்டுப்போன இடைவெளி நீருக்கு வாசலாகும், முதல் மழைக்குப் பின் கட்டாயம் நிரப்புங்கள். வரிசைகளுக்கு நடுவே 30 விழுக்காடு தரை மூடியிருந்தாலே அரிப்பு பாதிக்கு மேல் குறையும்.

பள்ளமாகிவிட்ட இடத்தில் கல் தடுப்பணையின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், ஓரங்கள் கரைக்குள் அரை மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். கீழ்த் தடுப்பின் முடி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு நிகராக இருக்கட்டும். நடு தாழாத தடுப்பைச் சுற்றி நீர் கரையை அறுக்கும்.

அறிகுறி: வேர் நுனி தடித்துக் கட்டையாக நிற்கிறது

பி.எச். 5.5-க்குக் கீழே போகப் போக அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கொல்லும். மருந்து சுண்ணாம்புக் கல் தூள். ஒரு அலகு உயர்த்த மணலுக்கு ஹெக்டேருக்கு 1 முதல் 2 டன், களிக்கு அதைவிடப் பல மடங்கு. ஆகவே தாங்குதிறன் சோதனை (பி.எச். மாற்றத்தை மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்ப்பது) செய்து அளவை முடிவு செய்யுங்கள். 0.25 மி.மீ.க்கும் நுண்ணிய தூள்தான் ஒரு பருவத்தில் வேலை செய்யும். சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்காது, கலக்க வேண்டும். அதிகம் போட்டால் துத்தநாகமும் மாங்கனீசும் முடங்கும்.

அறிகுறி: காய்ந்த மணலில் நீர் முத்தாக நிற்கிறது

ஒரு துளி விட்டு எண்ணுங்கள். 5 நொடிக்கு மேல் நின்றால் துகள்களில் மெழுகு படிந்திருக்கிறது, 60 தாண்டினால் கடுமை. முழுதாகக் காயவிடாமல் வைத்திருப்பதும், களிமண் தூவிக் கலப்பதும் உதவும்.

அறிகுறி: தாளை மடக்கி உழுதபின் பயிர் வெளுக்கிறது

தானியத் தாளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 80 பங்கு, மரத்தூளில் 400 போல. 25, 30-ஐத் தாண்டினால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். டன் தாளுக்கு 7 முதல் 10 கிலோ தழைச்சத்து சேருங்கள். அல்லது தாளை மேலேயே மூடாக்காக விடுங்கள், அப்போது இந்தச் சிக்கல் பெரிதாக வராது.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் மண் உயிரற்றுக் கிடக்கிறது

மேல்மண் போய் அடிமண் வெளிப்பட்ட நிலம் இப்படித்தான் இருக்கும். கரிமத்தை 0.5-இலிருந்து 1 விழுக்காடாக்க 15 செ.மீ. ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 10 டன் கரிமம் தங்க வேண்டும். ஈரமான மட்கு உரம் 10 டன்னில் பாதி நீர், உலர்ந்ததில் சுமார் கால் பங்கு கரிமம், ஆக 1.25 டன்தான், அதிலும் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றில் கலந்துவிடும். ஒரே ஆண்டில் மண்ணை மாற்றித் தருவதாகச் சொல்லும் எதையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1852 முதல் 1871 வரை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டு நிறுத்திய நிலத்தில், எருவே போடாத நிலத்தைவிட மட்கு நூறாண்டுக்குப் பிறகும் கூடுதலாகவே இருந்தது. ஏறுவது மெதுவாகத்தான், இறங்குவதும் அப்படியே.

ஆகவே சுமந்து கொட்டுவதை மட்டும் நம்பாமல், வேரை நம்புங்கள். ஆண்டில் வேர் இல்லாத மாதங்களைக் குறையுங்கள். பயறு வகையும் புல் வகையும் கலந்து விதையுங்கள். எருவை அளவு மீறிக் கொட்டினால் மணிச்சத்தும் உப்பும் தேங்கும், எருவின் மின்கடத்துதிறனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுசோதனையை அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே ஈரத்தில், பழைய குழிக்கு ஒரு மீட்டர் தள்ளிச் செய்யுங்கள். முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது 450 மி.லி. இறங்கும் நேரம். அது குறையவில்லை என்றால், கரிமமோ பி.எச்.-ஓ எவ்வளவு மாறியிருந்தாலும் குழியை மறுபடி வெட்டி, அடைப்பு எந்த ஆழத்தில் என்று தேடுங்கள்.